ஜீன் ஏறியது சரி, செல் என்ன ஆனது? வளர்ப்புத் தோல் செல்களும் ஜீன் ஏற்றும் முறைகளும்

2023 மே மாதம் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்டிஏ) ஜீன் பழுதால் தோல் கொப்புளித்து உரியும் ஒரு நோய்க்கான விஜுவெக் என்ற ஜெல்லுக்கு அனுமதி கொடுத்தது. புண்ணின் மேல் வாரம் ஒருமுறை சொட்டுச் சொட்டாக விட வேண்டிய மருந்து அது. 2025 ஏப்ரலில் அதே நோய்க்கு செவாஸ்கின் என்ற இன்னொன்று வந்தது. இதற்கு நோயாளியின் தோலிலிருந்து சிறு துண்டு எடுத்து, செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, அவற்றில் ஜீனை ஏற்றி, தாள் போல ஆக்கி, அறுவை அரங்கில் புண்ணின் மேல் வைத்துத் தைக்க வேண்டும். இரண்டிலும் உள்ளே போவது ஒரே ஜீன். இரண்டுக்கும் பெயர் ஜீன் சிகிச்சைதான்.

அப்படியென்றால் ஒன்று ஏன் வாராவாரம், மற்றது ஏன் ஒரே தடவை? ஜெல்லே வேலை செய்கிறது என்றால் அறுவை சிகிச்சை எதற்கு? செய்தி படித்தவர்களுக்கு எழும் இந்தக் கேள்விகளுக்கு ஜீனைப் பார்த்தால் விடை கிடைக்காது. அதை ஏற்றிக்கொண்டு போகும் வண்டியையும், அந்த வண்டி செல்லுக்கு என்ன செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

நோயும் ஜீனும்

நோயின் பெயர் எபிடெர்மோலிசிஸ் புல்லோசா. தோலின் மேலடுக்கும் அடியடுக்கும் ஒன்றோடொன்று சரியாக ஒட்டாது. சட்டைத் துணி உரசினாலே கொப்புளம் வந்து தோல் உரியும். இதில் பல வகைகள் உண்டு. மேலே சொன்ன இரண்டு மருந்துகளும் ஏழாம் வகைக் கொலாஜன் குறைபாட்டால் வரும் வகைக்கானவை. அந்தக் கொலாஜன் இரண்டு அடுக்குகளையும் சேர்த்துப் பிடிக்கும் நங்கூர இழைகளைக் கட்டுகிறது. அது இல்லாவிட்டால் மேல்தோலுக்குப் பிடிமானம் இல்லை.

இதற்கான ஜீன் மிகப் பெரியது. அதில் 118 எக்ஸான்கள், அதாவது குறிப்பைத் தாங்கும் துண்டுகள். புரதத்துக்கான குறிப்பை மட்டும் பிரித்தெடுத்தாலும் கிட்டத்தட்ட 9,000 டிஎன்ஏ எழுத்துகள் வரும். ஜீன் சிகிச்சை என்றதும் பலருக்கு நினைவுக்கு வரும் ஏஏவி வைரஸில் சுமார் 4,700 எழுத்துகளுக்குத்தான் இடம் இருக்கிறது. ஆகவே அந்த வழி ஆரம்பத்திலேயே அடைபட்டுவிட்டது. ரெட்ரோவைரஸில் இந்த ஜீனை நெருக்கித் திணிக்கலாம். ஹெர்பிஸ் வைரஸில் தாராளமாக இடம் உண்டு. செவாஸ்கின் முதல் வண்டியிலும் விஜுவெக் இரண்டாவது வண்டியிலும் பயணம் செய்கின்றன.

தட்டில் வளரும் தோல் செல்

ஆய்வகத்தில் வளர்க்கும் தோல் செல்களில் இரண்டு வகைகள் முக்கியமானவை. அடித்தோலில் இருப்பவை ஃபைப்ரோபிளாஸ்ட்கள். நீண்டு மெலிந்த உருவம், முரட்டு ஆசாமிகள். ஒரு பிளாஸ்டிக் தட்டும் கொஞ்சம் சீரமும் கொடுத்தால் போதும், வளர்ந்துவிடும். மேல்தோலைக் கட்டுபவை கெரட்டினோசைட்கள். இவை அவ்வளவு எளிதில் இணங்குவதில்லை.

1975-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ரைன்வால்டும் ஹோவர்ட் கிரீனும் மனிதக் கெரட்டினோசைட்களைத் தொடர்ந்து வளர்க்க ஒரு வழி கண்டார்கள். எலியின் 3டி3 என்ற ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை, அவை பெருக முடியாதபடி கதிர்வீச்சு கொடுத்துத் தட்டில் பரப்பி, அவற்றின் மேல் கெரட்டினோசைட்களை விதைத்தார்கள். செவிலித்தாய் போல அந்த எலிச் செல்கள் ஊட்டம் தர, கெரட்டினோசைட்கள் கூட்டம் கூட்டமாகப் பெருகின. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் கல் பாவிய தரை போல நெருக்கமாகப் பொருந்தி நிற்கும். தட்டு நிறைந்ததும் டிஸ்பேஸ் என்ற நொதியை விட்டால், முழு அடுக்கும் ஒரே தாளாகக் கழன்று வரும். கழன்ற கணமே அது சுருங்கிச் சிறுத்துவிடும். தீக்காய சிகிச்சைக்குப் போவது இந்தத் தாள்தான்.

இந்தக் கூட்டத்தில் எல்லாச் செல்லும் ஒன்றல்ல. 1987-இல் யான் பாரண்டோனும் கிரீனும் ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாக வளர்த்துப் பார்த்து மூன்றாகப் பிரித்தார்கள். நெடுங்காலம் பெருகிக்கொண்டே போகக்கூடியது ஹோலோகுளோன். சில தடவைகள் பிரிந்துவிட்டு ஓய்ந்துபோவது பாராகுளோன். இடைப்பட்டது மெரோகுளோன். மேல்தோலைத் தொடர்ந்து பிறப்பிக்கும் மூலச் செல்களான ஸ்டெம் செல்கள் ஹோலோகுளோனில்தான் இருக்கின்றன.

மனித மேல்தோல் ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. மேலே வந்த செல் உதிர்ந்து போகும். பாராகுளோனில் எவ்வளவு அழகாக ஜீனை ஏற்றினாலும் சில வாரங்களில் அது தலையணை உறையில்தான் கிடக்கும்.

வண்டிகளும் அவை விடும் கீறல்களும்

*1. கால்சியம் பாஸ்பேட்.* 1973-இலிருந்து புழக்கத்தில் இருக்கும் மலிவான முறை. டிஎன்ஏவைக் கால்சியம் குளோரைடோடு கலந்து, பாஸ்பேட் உப்புக் கரைசலில் விட்டால் நுண்ணிய துகள்கள் படியும். செல் அதை விழுங்கிக்கொள்ளும். வேறு பல செல்களில் நன்றாக வேலை செய்யும் இந்த முறை, கெரட்டினோசைட்டில் விபரீதமாகிறது.

காரணம், கெரட்டினோசைட்டுக்குக் கால்சியம் என்பது ஒரு கட்டளை. 1980-இல் வந்த எலிச் செல் ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. ஊடகத்தில் (செல் வளரும் ஊட்டத் திரவத்தில்) கால்சியத்தின் செறிவு 0.1 மில்லிமோலாருக்குக் கீழே இருந்தால் செல்கள் பெருகிக்கொண்டே இருக்கும். அதை ஒரு மில்லிமோலார் அளவுக்கு ஏற்றினால் சில மணி நேரத்திலேயே ஒன்றோடொன்று இறுகி ஒட்டி, பெருகுவதை நிறுத்தி, முதிர்ந்து சாகும் பாதையில் கிளம்பிவிடும். ஊட்டச் செல்கள் இல்லாமல் கெரட்டினோசைட் வளர்க்கும் ஊடகங்களில் கால்சியத்தை வேண்டுமென்றே குறைத்து வைப்பது இதனால்தான்.

இப்போது கணக்குப் போடுங்கள். வழக்கமான செய்முறையில் துகள் கலவையில் கால்சியம் 125 மில்லிமோலார். அதைத் தட்டில் உள்ள ஊடகத்தில் பத்தில் ஒரு பங்காகச் சேர்த்தால் 12 மில்லிமோலாருக்குப் பக்கத்தில் வரும். அதில் ஒரு பகுதி பாஸ்பேட்டோடு சேர்ந்து படிந்துவிடும் என்றாலும், மிச்சமே செல்லின் வரம்பைப் பல மடங்கு தாண்டிவிடும். ஜீனை ஏற்றப் போன கையே “வளர்ந்தது போதும், முதிர்ந்து போ” என்ற உத்தரவையும் கொடுத்துவிட்டு வருகிறது. பிறகு “நாம் ஏற்றிய ஜீன் செல்லை முதிரச் செய்கிறது” என்று யாராவது முடிவெழுதினால், முதலில் சந்தேகிக்க வேண்டியது உப்பைத்தான்.

*2. கொழுப்புத் துகள்கள்.* லிப்போஃபெக்‌ஷன் என்ற இந்த முறை 1987-இல் வந்தது. நேர்மின்னேற்றம் கொண்ட கொழுப்பு, எதிர்மின்னேற்றம் கொண்ட டிஎன்ஏவைச் சுற்றிக்கொண்டு செல்சவ்வில் போய் ஒட்டும். ஃபைப்ரோபிளாஸ்ட்கள் ஓரளவு தாங்கும். கெரட்டினோசைட்களில் கை வரும்வரை சிரமம். அளவு கூடினால் அதே நேர்மின்னேற்றம் செல்சவ்வைக் குலைக்கும். மறுநாள் காலை பார்த்தால் தட்டின் அடியில் ஒட்டியிருக்க வேண்டிய செல்கள் உருண்டு ஊடகத்தில் மிதந்துகொண்டிருக்கும். ஜீன் ஏறியதற்கு அடையாளமான பச்சை ஒளிர்வைப் பிழைத்தவற்றில் மட்டும் எண்ணி “நாற்பது சதவீதம் ஏறிவிட்டது” என்று சொன்னால், செத்துப்போனவை கணக்கில் வரவில்லை என்று பொருள்.

*3. மின்துடிப்பு.* எலெக்ட்ரோபொரேஷன், 1982. மின்துடிப்பு கொடுத்துச் செல்சவ்வில் கண நேரத் துளைகளைத் திறப்பது. இதன் திருத்திய வடிவங்கள்தான் இன்று கிரிஸ்பர் (டிஎன்ஏவை வெட்டித் திருத்தும் முறை) வேலைகளில் அதிகம் பயன்படுகின்றன. பொதுவாக இதற்குச் செல்களை டிரிப்சின் என்ற நொதியை விட்டுத் தட்டிலிருந்து கழற்றித் திரவத்தில் மிதக்கவிட வேண்டும். அங்கேதான் சிக்கல். கெரட்டினோசைட்டுக்குக் காலூன்ற ஒரு தளம் வேண்டும். பிடி விட்டுப்போய் மிதந்தால் அதையே முதிர்ச்சிக்கான சைகையாக எடுத்துக்கொள்ளும். ஆகவே கழற்றுவது, துடிப்பு கொடுப்பது, திரும்ப விதைப்பது எல்லாம் மளமளவென்று நடக்க வேண்டும். ஒரே கருவி, ஒரே செல், ஆனால் இரண்டு ஆய்வகங்களில் இரண்டு முடிவுகள் வந்தால், இடைப்பட்ட நேரத்தை விசாரிப்பது நல்லது.

*4. வைரஸ்கள்.* செல்லுக்குள் நுழைவதையே தொழிலாகக் கொண்டவை. நோய் தரும் பகுதிகளை நீக்கிவிட்டு ஜீனை வைத்து அனுப்புகிறார்கள். காமா ரெட்ரோவைரஸ் ஜீனைச் செல்லின் குரோமோசோமிலேயே ஒட்டவைக்கும். ஆனால் செல் பிரியும்போது கரு உறை கலைந்தால்தான் அதற்கு உள்ளே வழி. லென்டிவைரஸும் ஒட்டவைக்கும், பிரியாத செல்லிலும் நுழையும். ஹெர்பிஸ் வைரஸ் கருவுக்குள் போனாலும் குரோமோசோமில் சேராது, தனியாகக் கிடக்கும். செல் உதிர்ந்தால் ஜீனும் போச்சு. விஜுவெக்கை வாராவாரம் போட வேண்டியிருப்பது இதனால்தான். நிலைக்காதது ஒரு குறை மட்டுமல்ல என்பதைக் கீழே பார்ப்போம்.

செல்லின் அபாய மணி

உயிரோடு தப்பிய செல்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட முடியாது. செல்லைப் பொறுத்தவரை டிஎன்ஏ இருக்க வேண்டிய இடம் கரு. கருவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில் டிஎன்ஏ தென்பட்டால் வைரஸ் நுழைந்துவிட்டது என்று அர்த்தம். அங்கே காவல் இருக்கும் சிகேஸ் என்ற நொதி 2013-இல் அடையாளம் காணப்பட்டது. அது டிஎன்ஏவைத் தொட்டதும் ஸ்டிங் என்ற புரதம் வழியாக மணி அடிக்கும். செல் இன்டர்ஃபெரான் என்ற எச்சரிக்கைப் புரதத்தைச் சுரந்து பக்கத்து வீட்டாரையும் எழுப்பிவிடும். பெருக்கம் குறையும், அழற்சிக்கான ஜீன்கள் விழித்துக்கொள்ளும். தோல் உடம்பின் எல்லைச் சுவர் என்பதால் கெரட்டினோசைட்களுக்கு இந்த விழிப்பு நன்றாகவே உண்டு.

ஆய்வுகளில் இது எப்படிக் குழப்பும்? சோரியாசிஸ் என்ற தோல் அழற்சி நோய் பற்றி ஆராயும் ஒருவர் ஏதோ ஒரு ஜீனைக் கெரட்டினோசைட்டில் ஏற்றி, அழற்சிக் குறியீடுகள் கூடுகின்றனவா என்று பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கூடுகின்றன. ஆனால் ஜீனே இல்லாத வெறும் பிளாஸ்மிட்டை (ஜீனைச் சுமக்கும் டிஎன்ஏ வளையத்தை) ஏற்றியிருந்தாலும் கூடியிருக்கும். அந்த ஒப்பீட்டுத் தட்டை வைக்காவிட்டால் எலி ஓடியதா பூனை ஓடியதா என்று கடைசிவரை தெரியாது.

டிஎன்ஏவுக்குப் பதில் ஜீனின் தற்காலிக நகலான எம்ஆர்என்ஏ கொடுத்தாலும் வேறு காவலர்கள் இருக்கிறார்கள். 2005-இல் கத்தலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் ஆர்என்ஏவின் எழுத்துகளில் சிறு வேதி மாற்றம் செய்தால் இந்த மணி வெகுவாக அடங்குகிறது என்று காட்டினார்கள். கொரோனா தடுப்பூசிக்கு வழி வகுத்து, 2023-இல் நோபல் பரிசு வாங்கித் தந்தது இதுதான். ஆனால் தோல் செல் விஷயத்தில் அது மட்டும் போதவில்லை. 2010-இல் மனித ஃபைப்ரோபிளாஸ்ட்களுக்குத் திரும்பத் திரும்ப எம்ஆர்என்ஏ கொடுத்து ஸ்டெம் செல்களாக மாற்றிய குழு, மாற்றிய எழுத்துகளோடு பி18ஆர் என்ற புரதத்தையும் ஊடகத்தில் கலக்க வேண்டியிருந்தது. வாக்சினியா வைரஸ் இன்டர்ஃபெரானைப் பிடித்துவைக்கப் பயன்படுத்தும் ஆயுதம் அது. வைரஸின் தந்திரத்தையே கடன் வாங்கித்தான் செல்லைச் சமாதானப்படுத்த முடிந்தது.

எந்தச் செல்லில் ஏறியது?

2015 ஜூனில் ஜெர்மனியின் போகும் (Bochum) என்ற நகரின் மருத்துவமனைக்கு ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் கொண்டுவரப்பட்டான். சிரியாவிலிருந்து வந்த குடும்பம். அவனுக்கு இதே நோயின் வேறு வகை. லாமினின்-332 என்ற ஒட்டுப் புரதத்தின் ஒரு சங்கிலிக்கான ஜீன் பழுது. கிருமித் தொற்றும் சேர்ந்து, வரும்போதே மேல்தோலில் சுமார் 60 சதவீதம் போயிருந்தது. பிறகு அது 80 சதவீதம் ஆனது.

இத்தாலியின் மொதெனா நகரில் மிக்கேலே தெ லூக்காவின் குழு, சிறுவனின் இடுப்பு மடிப்பில் கொப்புளம் வராத இடத்திலிருந்து எடுத்த 4 சதுர சென்டிமீட்டர் தோலை வைத்து வேலையைத் தொடங்கியது. ரெட்ரோவைரஸால் ஜீனை ஏற்றி, 0.85 சதுர மீட்டர் அளவுக்குத் தோல் தாள்களை வளர்த்து அனுப்பினார்கள். மூன்று அறுவை சிகிச்சைகளில் உடம்பின் 80 சதவீதம் மூடப்பட்டது. சிறுவன் பிழைத்தான். 2017 நவம்பரில் விவரம் வெளியானபோது அவன் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தான்.

பிழைத்தது பெரிய செய்தி. செல் உயிரியலுக்கு அதைவிடப் பெரியது அந்தக் கட்டுரையின் இன்னொரு பகுதி. ரெட்ரோவைரஸ் குரோமோசோமில் எங்கே ஒட்டும் என்பது செல்லுக்குச் செல் வேறுபடும். அந்த இடமே செல்லின் கைரேகை மாதிரி. தாளை ஒட்டுவதற்கு முன் எண்ணினால் இப்படிப்பட்ட ஒட்டிடங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. மாதங்கள் கழித்துத் தோலை எடுத்து எண்ணினால் சில நூறுதான். மற்றவை எல்லாம் எங்கே? உதிர்ந்துவிட்டன. எஞ்சிய சில நூறும் ஹோலோகுளோன்களின் வாரிசுகள். உடம்பு முழுவதும் போர்த்தியிருந்த அந்தத் தோலை அவற்றின் சந்ததிதான் மாதாமாதம் புதுப்பித்துக்கொண்டிருந்தது.

“ஜீன் ஏறிய செல்கள் இத்தனை சதவீதம்” என்ற எண்ணை நான் அதிகம் நம்பாததற்குக் காரணம் இதுதான். தொண்ணூறு சதவீதத்தில் ஏறி ஹோலோகுளோன்களைக் கொன்றுவிட்ட முறையைவிட, முப்பது சதவீதத்தில் ஏறி ஹோலோகுளோன்களைக் காப்பாற்றிய முறை மேல். முன்னது ஒரு மாதத்துக்குப் படம் எடுக்க உதவும், அவ்வளவுதான்.

எங்கே ஒட்டியது?

நிலையாக ஒட்டும் வைரஸ் தன் இடத்தைத் தற்செயலாகத்தான் தேர்ந்தெடுக்கிறது. அதிலும் காமா ரெட்ரோவைரஸுக்கு, விழித்திருக்கும் ஜீன்களின் தொடக்கப் பகுதிக்குப் பக்கத்தில் போய் உட்காரும் பழக்கம் உண்டு. அது புற்றுநோயோடு தொடர்புள்ள ஜீனாக இருந்துவிட்டால்? கற்பனைக் கேள்வி இல்லை. பிரான்சில் பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடு உள்ள குழந்தைகளின் ரத்த ஸ்டெம் செல்களில் இம்முறையில் ஜீன் ஏற்றினார்கள். பெரும்பாலானோருக்கு நோய் தணிந்தது. ஆனால் 2002-க்குப் பிறகு சிலருக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. எல்எம்ஓ2 என்ற ஜீனுக்கு அருகில் வைரஸ் ஒட்டி அதை எழுப்பிவிட்டிருந்தது.

தோல் செல்லில் ஏற்றிய ஜீனே ஆபத்தாவதும் உண்டு. ஷின்யா யமனாக்கா 2007-இல் மனிதத் தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட்களில் ரெட்ரோவைரஸால் நான்கு ஜீன்களை ஏற்றி ஸ்டெம் செல்களாக மாற்றினார். நான்கில் ஒன்று, புற்றுநோயோடு தொடர்புள்ள சி-மிக். எலிச் செல்களில் இதே முறையைச் செய்து பிறக்கவைத்த எலிகளில், தூங்கிப்போயிருந்த சி-மிக் மறுபடி விழித்துக் கட்டிகள் வந்தன. குரோமோசோமில் ஒட்டாமல், வேலை முடிந்ததும் மறைந்துவிடும் வண்டிகளை, சென்டாய் வைரஸ், எம்ஆர்என்ஏ போன்றவற்றை, பலரும் தேடிப்போனதற்கு இது ஒரு காரணம். ஹெர்பிஸ் ஜெல்லின் நிலையாமை குறை மட்டுமல்ல என்று சொன்னதன் பொருளும் இதுவே.

மேல்தோலில் இந்த அபாயம் ரத்தத்தைவிடக் குறைவு என்று நினைக்க இடம் இருக்கிறது. போகும் நகர மருத்துவமனையில் பிழைத்த சிறுவனுக்கோ, அதே மொதெனா குழு 2005-இல் தொடையில் தோல் ஒட்டிய முதல் நோயாளிக்கோ, வெளியிட்ட கண்காணிப்புக் காலங்களில் ஒட்டிய தோலில் புற்றுக்கட்டி வரவில்லை. ஆனால் ஏழாம் கொலாஜன் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆறாத புண்களில் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு இயல்பாகவே மிக அதிகம். பிற்காலத்தில் ஒரு கட்டி வந்தால் நோயால் வந்ததா, வண்டியால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல ஒட்டிடத்தைப் படித்தால்தான் உண்டு.

கிரிஸ்பர் வந்தால் தீர்ந்துவிடுமா?

பழுதான இடத்திலேயே எழுத்தைத் திருத்தினால் கண்ட இடத்தில் ஒட்டும் பிரச்சினை இல்லையே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் வழக்கமான கிரிஸ்பர் டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் வெட்டுகிறது. வெட்டு விழுந்தால் பி53 என்ற காவல் புரதம் செல்லை நிறுத்திவைக்கும், சில நேரம் சாகடிக்கும். 2018-இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகள் ஓர் எச்சரிக்கை சொன்னன. வெட்டை எளிதாகத் தாங்கிப் பெருகும் செல்களில் பி53 பழுதானவை தேறி மேலே வர வாய்ப்பு இருக்கிறது. திருத்தம் வெற்றி என்று நாம் பொறுக்கியெடுப்பது கெட்ட செல்லாக இருக்கலாம்.

தோல் ஆய்வில் இதற்கு ஒரு தனிக் கோணம் உண்டு. உலகம் முழுக்கக் கெரட்டினோசைட் ஆய்வுக்குப் பயன்படும் செல் ஹக்காட். ஜெர்மனியில் உருவாகி 1988-இல் வெளியானது. பெயரிலேயே ‘குறைந்த கால்சியம், அதிக வெப்பம்’ என்பதன் எழுத்துகள் அடங்கியிருக்கின்றன. சாகாமல் பெருகும், ஜீன் ஏற்றுவதும் ஒப்பீட்டளவில் எளிது. ஆனால் அதன் பி53 ஜீனின் இரண்டு பிரதிகளுமே பழுதானவை. ஹக்காட்டில் கிரிஸ்பர் செய்துவிட்டு “செல்கள் நன்றாகத் தாங்குகின்றன” என்று எழுதுவது, காவலாளி இல்லாத வீட்டில் புகுந்துவிட்டுப் பூட்டு எளிதாகத் திறந்தது என்பதைப் போல.

ஒரு முடிவைப் படிக்கும்போது

தோல் செல்லில் ஜீன் ஏற்றியதாக ஒரு செய்தியோ ஆய்வோ கண்ணில் பட்டால் பார்க்க வேண்டியவை:

1. நோயாளியிடமிருந்து எடுத்த செல்லா, ஹக்காட் போன்ற சாகாத செல்லா? ஃபைப்ரோபிளாஸ்டில் கிடைத்த முடிவைக் கெரட்டினோசைட்டுக்குத் தூக்கிப்போடுகிறார்களா?

2. ஒப்பீட்டுக்கு எத்தனை தட்டுகள்? எதுவும் செய்யாதது ஒன்று போதாது. வண்டி மட்டும் போனது ஒன்று, வண்டியில் வெற்றுப் பிளாஸ்மிட் போனது ஒன்று என்று குறைந்தது மூன்று தட்டுகள் வேண்டும்.

3. எத்தனை நாள் கழித்து அளந்தார்கள்? 48 மணி நேரத்தில் தெரிவது வண்டியின் அதிர்ச்சியாகவும் இருக்கலாம். சிகிச்சை என்று பேசினால் ஹோலோகுளோன் கணக்கும் வேண்டும்.

மறுபடியும் அந்த இரண்டு மருந்துகள்

செவாஸ்கினின் இறுதிக்கட்டச் சோதனையில் 11 பேர், 43 ஜோடிப் புண்கள். ஆறு மாதத்தில் பாதிக்கு மேல் ஆறியவை, தாள் வைத்தவற்றில் 81 சதவீதம், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவற்றில் 16 சதவீதம். ஒரு தாள் சுமார் 41 சதுர சென்டிமீட்டர், கிரெடிட் கார்டை விடச் சற்றே குறைவு. ஒரே அமர்வில் 12 தாள்கள் வரை வைக்கலாம். பெரிய, நாள்பட்ட புண்களுக்கு இது பொருத்தம். விஜுவெக்குக்கு மயக்க மருந்து, அறுவை, ஆய்வக வளர்ப்பு எதுவும் வேண்டாம். ஆனால் நிறுத்தினால் பலனும் வடியும். ஆகவே ஒன்று வந்ததால் மற்றது தேவையில்லாமல் போய்விடவில்லை.

தாள் வைத்துக்கொண்டவர்களுக்கு இன்னொரு பொறுப்பும் சேர்கிறது. குரோமோசோமில் ஒட்டும் வண்டிகளைப் பயன்படுத்தும் சிகிச்சைகளுக்கு எஃப்டிஏ பரிந்துரைக்கும் கண்காணிப்புக் காலம் 15 ஆண்டுகள். அதாவது செவாஸ்கின் அனுமதி கிடைத்த 2025-இல் தாள் ஒட்டிக்கொண்ட ஒருவர் 2040 வரை கண்காணிப்பில் இருக்க வேண்டும். அதற்குள் அவருடைய மேல்தோல் சுமார் 180 தடவை புதிதாகியிருக்கும். ஒட்டிய ஹோலோகுளோன்கள் தாக்குப்பிடித்தால், ஒவ்வொரு தடவையும் அந்த ஒரே ஒட்டிடத்தைச் சுமந்துகொண்டு.